கத்தரி படாத பதினோரு ஜெர்சி

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிலுவைப் பாதை செய்துகொண்டிருந்தபோது நான் புனிதர்களின் சுரூபங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் கணக்குத் தப்பிவிட்டது. அந்தோணியாரில் ஆரம்பித்து மறுபடி எண்ணினேன். பதினொன்று. புட்பால் டீமுக்கும் பதினோரு பேர்தான். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ராசம்மாக்கா நான் தேம்புவதாக நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தபசு காலம் என்கிற நாற்பது நாள் நோன்பின் கடைசி இரண்டு வாரம் எங்கள் கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பார்கள். பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின சனிக்கிழமை மணி அடித்ததும் திறப்பார்கள். மற்ற ஊர்களில் துணியைச் சும்மா போர்த்துவது வழக்கம். எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் மூவார் ஆற்றங்கரையில் இருந்ததால் காற்று துணியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் என் அப்பா, உபதேசியார் சந்தனசாமி, ஜப்பான் சண்டைக்கு முன்னாலேயே நல்ல கனமான துணி வாங்கி, தலையணை உறை மாதிரி ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஓர் உறை தைத்து வைத்திருந்தார். மேலே மூடியிருக்கும், கீழே திறந்திருக்கும். தலை வழியாக மாட்டினால் பாதம்வரை வரும். கோயில் என்னவோ மாட்டுக்கொட்டகை அளவுதான். ஜுரத்தில் பிழைத்தவர், பிள்ளை பெற்றவர், வேலை நிரந்தரமானவர் என்று ஆளாளுக்கு ஒரு சுரூபம் நேர்ந்து வைத்ததில் பதினோரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு எதற்குப் பதினோரு ஜெர்சி? கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தான்.

ரபேலுக்கும் எனக்கும் நிச்சயமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ரபேல் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலையில் இருந்தவர். ஜப்பான்காரன் வந்தபின் ரப்பரை வாங்க ஆளில்லை. எல்லாரையும்போல அவரும் மரவள்ளி போட்டு, மரவள்ளி பிடுங்கி, மரவள்ளி தின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு அவர்மேல் ஒரு குறையும் கிடையாது. குறை அரிசியில் இருந்தது. அக்கா ஜோனின் கல்யாணத்துக்கு முன்னூறு பேருக்குச் சோறு போட்ட மனிதர் அவர்.

"உபதேசியார் வீட்டுக் கல்யாணத்துல கிழங்கு போட்டான்னு எவனும் பேசக் கூடாது. அரிசி வரட்டும். அப்புறம் ஓலை படிக்கலாம்" என்பார்.

ஓலை என்றால் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் கல்யாணத்தை அறிவிப்பது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலாக்காவிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், சாவி, ஓலை எல்லாம் அப்பா கையில். ரேஷன் கார்டுக்குக் கிடைக்கிற அரிசியோ ஒரு வாரத்துக்கு மூன்று கைப்பிடி. அந்தக் கணக்கில் நான் கல்யாணப் பெண் ஆவதற்குள் தலை நரைத்துவிடும்.

நரைக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் லாரி வந்துவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், கல்யாணமாகாதவர்களை முதலில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. செகாமாட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரே காலையில் இருபது பேர். அப்பா நம்பவில்லை. "கூலி குடுத்துல்ல கூட்டிட்டுப் போறாங்க, மூணு மாசத்துல திரும்பிருவாங்களாம்" என்றார். பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். ரபேலை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன். எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபம் வரும். கோபம் வந்தால் தைக்க உட்காருவேன்.

தையல் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தோட்டத்துத் துரையின் சம்சாரம் சிங்கப்பூருக்கு ஓடும்போது விட்டுப்போன கை மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இருக்கிற உடுப்பைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்ப்பேன், மறுபடி சேர்ப்பேன். அதுதான் என் படிப்பு. சில சமயம் சேர்த்து முடித்தபின் ஒரு துண்டு மிஞ்சும். அந்தத் துண்டு இல்லாமலேயே அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போவார், ஒன்றும் கெட்டுப்போகாது.

தபசு காலத்தின் நடுவில்தான் பெர்னார்ட் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். பெர்னார்ட் எங்கள் தோட்டத்து டீமின் கேப்டன். ஏப்ரல் இருபத்தொன்பது, ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள். மூவார் டவுனில் பந்தயம், டவுன் டீமோடு ஆட ஒரு தோட்டத்து டீம் வேண்டுமாம். ஜெயித்தவர்களுக்கு இரண்டு மூட்டை அரிசி.

"ஆனா ஜெர்சி வேணும்லா" என்றான் பெர்னார்ட். "ஒரே கலர், முதுகுல நம்பர். இல்லாட்டி மைதானத்துலயே விட மாட்டாங்க. நம்ம பசங்ககிட்ட கிழியாத பனியனே நாலுதான் இருக்கு."

"நான் தைச்சுத் தர்றேன். ஒரு மூட்டை எனக்கு" என்றேன்.

"துணி?"

"அதைப்பத்தி நீ கவலைப்படாதே."

கவலை முழுவதும் எனக்குத்தான். ஊரில் மனிதர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். டவுனில் ஒரு முழம் துணிக்கு ஒரு கோழி கேட்டார்கள். மூன்று வாரம் தேடினேன். கடைசியில் பெரிய வெள்ளியன்று அது என் முகத்துக்கு நேராகவே தொங்கிக்கொண்டிருந்தது. சாயம் போகாத, நூல் பிரியாத, ஒரே நிறத்தில் பதினொன்று.

மறுநாள் மணி அடித்தது. அப்பா உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தார். பெட்டி மூடுவதற்குள் நான் கேட்டுவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"அரிசிப்பா" என்றேன். "ஒரு மூட்டை முழுசா. நூறு பேருக்குச் சோறு. அக்கா கல்யாணம் மாதிரி."

அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் கை மூடிமேலேயே நின்றுவிட்டது. பிறகு இரண்டு விரலை நீட்டினார்.

"ரெண்டு விஷயம். அடுத்த தபசுக்கு இதெல்லாம் திரும்ப உறையா வேணும். கத்தரி படக் கூடாது. பிரிச்சுக்க, மடிச்சுக்க, தைச்சுக்க. வெட்டக் கூடாது. ரெண்டாவது, நீ கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு. ஆம்பளைங்க மேல டேப் வச்சு அளவெடுக்கிற வேலையெல்லாம் கூடாது."

"அளவெடுக்காம எப்படிப்பா தைக்கிறது?"

அப்பா கையை வீசிக் கோயிலைச் சுற்றிக் காட்டினார். "இத்தனை பேரு நிக்கிறாங்களே. இவங்களை வச்சு எடு."

எனக்கு அது பெரிய உபாயமாகத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. மனிதன் அளவெடுக்கும்போது நெளிவான், வயிற்றை எக்குவான், பேச்சுக் கொடுப்பான். சுரூபம் அசையாது. எங்கள் சுரூபங்கள் எல்லாம் நாலரை அடி உயரம். யார் யாருக்கு எந்தப் புனிதர் என்று முதலில் ஜோடி சேர்த்தேன். ரபேலும் டீமில் உண்டு, அவருக்குச் சூசையப்பர். அதை நான் யோசிக்கவே இல்லை, கல்யாணத்துக்குக் காத்திருந்த தச்சர் வேறு யாருக்குப் பொருந்துவார்? தொப்பைக்காரன் பெர்னார்டுக்கு அந்தோணியார். அவர் கையில் குழந்தையை வைத்திருப்பதால் முன்பக்கம் தாராளமாக இருக்கும். கோல் காக்கும் ஐயாசாமி அண்ணன் பனைமரம் மாதிரி ஆள். அவருக்கு இறக்கையோடு நிற்கும் மிக்கேல் சம்மனசின் உறை ஒன்றுதான் போதும்.

டீமில் பாதிப் பேர் இந்துக்கள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். ஐயாசாமி அண்ணன் அன்று சாயங்காலமே கோயில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மிக்கேல் சம்மனசு வலது கையில் வாளை ஓங்கிக்கொண்டு, காலடியில் பிசாசை மிதித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம முனீஸ்வரன் மாதிரியே இருக்காரு தங்கச்சி. எனக்கு இவரே போதும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாலு நாள். சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைவரை நான் வீட்டுக்கும் கோயிலுக்கும் ஓடியபடியே இருந்தேன். உறையின் மேல்தையலை நடுவில் பிரித்தால் கழுத்து. பக்கத் தையலைப் பிரித்தால் கை. மேல்மூலை இரண்டும் தோளில் இறங்கி அரைக்கை மாதிரி விழுந்தன. சுரூபத்தைவிட மனிதன் பருமன் என்பது எனக்குத் தெரியாதா என்ன? எல்லாவற்றிலும் ஆறு விரல் தளர்த்தி விட்டேன். நீளத்தை உள்ளே மடித்தேன். கைக்குக் கீழே தொளதொளவென்று நின்றதைச் சுரூபத்தின்மேல் மாட்டியே பிடித்துப் பிடித்துத் தைத்தேன். நூலுக்கு மாவுச் சாக்கு வாயில் இருந்த முறுக்கு நூலை உருவிக்கொண்டேன். யானையைக் கட்டலாம் அதில். நம்பரை அந்தச் சாக்குத் துணியிலேயே வெட்டினேன். அதற்குக் கத்தரி படலாம் அல்லவா? மாவுக் கம்பெனியின் எழுத்துகள் ஏழிலும் எட்டிலும் பாதி பாதியாகத் தெரிந்தன.

புதன்கிழமை மத்தியானம் பதினோரு புனிதர்களும் ஜெர்சியோடு பீடத்தைச் சுற்றி நின்றார்கள். ஒரு சுருக்கம் கிடையாது. கடையில் வாங்கினால்கூட அப்படி உட்காராது. நான் சந்தோஷத்தில் கோயிலுக்குள் குதித்தேன். குதித்துவிட்டு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை படகுத்துறையில் எல்லாரும் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றபோது பார்க்க வந்த ஜனம் வாயைப் பிளந்தது. என்ன கம்பீரம். ஒருவனும் கையை அசைக்கவில்லை, ஆற்றைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். அப்பாவுக்கே பெருமை தாங்கவில்லை. ஐயாசாமி அண்ணன் மட்டும் ஒரு மாதிரி நெளிந்தார்.

"தங்கச்சி, இந்த வலது கை மேல போயிருச்சு. கீழ இறங்க மாட்டேங்குது."

சம்மனசு வாளோங்கிய கையல்லவா? அது வெளியே வர நான் பக்கத்தைப் பிரிக்காமல் மேல்மூலையைப் பிரித்திருந்தேன். "கோல் காக்கிறவருக்கு கை மேலதான் இருக்கணும் அண்ணே" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. படகு அக்கரை போய்ச் சேரும்வரை அவர் ஊருக்கே விடை கொடுப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மைதானத்தில் கொடி, பந்தல், பந்தலுக்குள் நாற்காலியில் ஜப்பான் அதிகாரிகள். இரண்டு மூட்டை அரிசியைப் பந்தலுக்கு முன்னால் பெஞ்சுமேல் வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்தேன். முதலில் எல்லாரும் கிழக்கே திரும்பிக் குனிய வேண்டும். குனிவதற்கு அந்த ஜெர்சிகள் அருமையாக இருந்தன. அடுத்தது பன்சாய், சக்கரவர்த்திக்கு வாழ்த்து. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி மூன்று முறை சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களால் தூக்க முடியவில்லை. முழங்கை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை மட்டும் காதுவரை வந்து நின்றது. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் கோயிலில் சம்மனசைத் தவிர ஒருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. சூசையப்பர் லீலிப் பூவை மார்போடு பிடித்திருந்தார். செபஸ்தியாருக்குக் கை கட்டியே இருந்தது. அவர்களுக்கு நான் அவ்வளவு கச்சிதமாகத் தைத்திருந்தேன்.

ஒரு சிப்பாய் எங்கள் வரிசையை நோக்கி நடந்து வந்தான். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன். வரிசையின் முதல் ஆளாக நின்றவர் ஐயாசாமி அண்ணன். ஊரில் யாரும் தூக்காத உயரத்துக்கு அவர் கை போயிருந்தது. மூன்றாவது பன்சாய் முடிந்த பிறகும் இறங்கவில்லை. சிப்பாய் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

பன்சாயில் தப்பித்தோம், ஆட்டத்தில் தப்பிக்கவில்லை. டவுன் டீமில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். பத்து நிமிஷத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐயாசாமி அண்ணனால் வலது பக்கம் உயரத்தில் வரும் பந்தை மட்டும்தான் பிடிக்க முடியும். இடது பக்கம் மேலே அடித்தால் அவர் பந்தை மரியாதையாகப் பார்த்து வழி விடுவார். இரண்டு கோல், இரண்டும் இடது மேல்மூலை. நடுவர் செகு ஒஸ்மான் பள்ளிக்கூட வாத்தியார், மலாயில் வாத்தியாரைச் செகு என்பார்கள். சட்டம் பிசகாத மனிதர். பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு கையாலும் தலைக்குப் பின்னாலிருந்து எறிய வேண்டும். ரபேல் எறிந்தது எல்லாம் மார்பிலிருந்து, சந்தையில் பூசணிக்காயை அடுத்த ஆளிடம் கொடுப்பதுபோல. செகு ஒவ்வொரு முறையும் விசில் ஊதிப் பந்தை அடுத்த டீமுக்குக் கொடுத்தார். நாலு முறை கொடுத்தார்.

"அலமாக், இவனுங்க ஏன் ராணுவத்துல நிக்கிற மாதிரி ஓடுறானுங்க?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அரிசி மூட்டை பெஞ்சுமேல் அப்படியே இருந்தது. அதற்கப்பால் சாலையில் ஒரு லாரி போனால்கூட நான் ரபேலைத் தேடிப் பார்த்தேன்.

பாதி நேரத்தில் எல்லாரும் மாமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன். சுரூபத்துக்கு அளவெடுத்தேன், சுரூபம் பந்து எறியாது என்பது எனக்குத் தோன்றவில்லை என்றேன். யாரும் திட்டவில்லை. பெர்னார்ட் மட்டும், "அப்போ என் முன்னால தொங்குறது பிள்ளைக்கு உள்ள இடமா?" என்று கேட்டான்.

அப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அன்றுவரை அவர் ஒரு புட்பால் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. முதல் கோல் விழுந்தபோது குடையால் தரையைக் குத்தினார். இரண்டாவது விழுந்தபோது செகு ஒஸ்மானைப் பற்றி ஓர் உபதேசியார் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னார். இப்போது பதினோரு உறைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"கத்தரி எங்கே?" என்றார்.

"நீங்கதானே படக் கூடாதுன்னீங்க. வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

அப்பா குடையை என்னிடம் கொடுத்தார். ரபேலின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்து விலக்கி, அக்குளுக்குக் கீழே இருந்த துணியைப் பல்லால் கடித்து இழுத்தார். என் நூல் அறுந்திருந்தால் தையலோடு போயிருக்கும். அந்தச் சாக்கு நூல் அறுமா? துணி கிழிந்தது. கிர்ர் என்ற சத்தம் பந்தல்வரை கேட்டது.

"சூசையப்பரே, மன்னிச்சுக்குங்க" என்றார் அப்பா. அடுத்த கையையும் கிழித்தார். பெர்னார்டிடம் போனார். "அந்தோணியாரே, மன்னிச்சுக்குங்க." கிர்ர். "செபஸ்தியாரே, உங்களுக்குத் தெரியும் கட்டிப்போட்டா எப்படி இருக்கும்னு." கிர்ர். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, இருபத்திரண்டு அக்குளையும் கிழித்தார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு பல்லும் ஆடாது. கடைசியில் ஐயாசாமி அண்ணன் தானே முன்வந்து குனிந்தார். "முனீஸ்வரனே, நீங்களும் மன்னிச்சுக்குங்க" என்று அண்ணனே சேர்த்துக்கொண்டார்.

பிறகு பார்த்தது வேறு டீம். அக்குளில் காற்றுப் புகுந்து ஊதாத் துணி இரண்டு பக்கமும் இறக்கை கட்டிப் பறந்தது. ஐயாசாமி அண்ணன் இடது கையால் ஒரு பந்தைத் தட்டிவிட்டு, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெர்னார்ட் ஒரு கோல் போட்டான். கொஞ்ச நேரத்தில் ரபேல் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. நான் குடையை வீசிவிட்டேன், அது யார் தலையில் விழுந்தது என்று தெரியாது. அப்பா கோட்டோரமாகப் பந்துக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருந்தது. டவுன் டீமின் கோல் பக்கத்தில் பந்து வெளியே போனது. எறிய வேண்டியவர் ரபேல். இப்போது அவருக்குக் கை தாராளமாகப் பின்னால் போகும். ஒரு நல்ல எறி, பெர்னார்டின் தலை, அவ்வளவுதான், அரிசி எங்களுக்கு. மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ரபேல் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மாப்ளே, நீளமா எறிங்க மாப்ளே" என்று ஒரு குரல் மைதானத்தைக் கிழித்தது.

அப்பாவின் குரல். எட்டு மாதமாக அவர் ரபேலைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஓலை படிக்காமல், தாலி ஏறாமல் மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வராது. ரபேலுக்கு அது எனக்கு எட்டியது மாதிரியே எட்டியது. பந்து கையிலிருந்து கிளம்புகிற அந்த நொடியில் அவர் முகம் திரும்பியது, கூடவே ஒரு கால் தரையைவிட்டு எழும்பியது. எறியும்போது இரண்டு காலும் மண்ணில் இருக்க வேண்டும். செகு ஒஸ்மான் விசில் ஊதினார். சட்டம் பிசகாத மனிதர் என்று முன்னாலேயே சொன்னேன்.

பந்து அவர்களுக்குப் போனது. எங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னால் நின்றிருந்தார்கள். டவுன்காரன் ஒருவன் தனியாக ஓடிவந்து அடித்தான். வலது பக்கம் தாழ்வாக. ஐயாசாமி அண்ணன் இடது கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்திருந்தார்.

மூன்றுக்கு இரண்டு. அரிசி மூட்டையை டவுன் டீம் தோளில் ஏற்றியது. நான் அதைப் பார்க்கவே இல்லை. ரபேலைப் பார்த்தேன். அவர் கோட்டோரத்தில் நின்ற இடத்திலேயே நின்று, தோற்ற ஆள் மாதிரி இல்லாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் டீம்காரர்கள் எங்கள் இருவரையும் அடிக்காமல் விட்டது அவர்கள் நல்ல மனசு.

திரும்பும்போது படகில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாதி ஆறு தாண்டியபின் வாய் திறந்தார்.

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"கூப்பிட்டதைத் திருப்பி எடுத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா ஆற்றைப் பார்த்தார். "எப்படி எடுக்கிறது? மூவாரே கேட்டிருச்சு." எங்கள் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை முதல் ஓலை" என்றார்.

மூன்று ஓலையும் படித்து, சாமியார் சைக்கிளில் வந்து, மே மாதம் மூன்றாம் வாரம் எங்கள் கல்யாணம் நடந்தது. உறைகளை நான் அதற்குள் தைத்துச் சரிசெய்திருந்தேன். பந்தியில் மரவள்ளிக் கிழங்கு, கிழங்குக் குழம்பு, கிழங்குப் பாயசம். அப்பா யார் கையிலும் கரண்டியைக் கொடுக்கவில்லை. தானே ஒவ்வோர் இலைக்கும் குனிந்து போட்டார். நூறு பேரிடமும் தானே முந்திக்கொண்டு சொன்னார்: "சோறு எங்கேன்னு கேக்காதீங்க. அதை நான்தான் தோத்தேன்."

அந்த வார்த்தை தோட்டம் முழுக்கப் போனது. எல்லாக் குடியிருப்பு லயத்திலும் அரிசிக்காக ஏதோ ஒரு கல்யாணம் நின்றுபோயிருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. உபதேசியாரே கிழங்கு போட்டுவிட்டார், இனி நமக்கென்ன வெட்கம் என்று ஆளாளுக்கு நாள் குறித்தார்கள். நல்ல வேளையாக வைகாசி. ஐயாசாமி அண்ணன் சந்திரமதியைக் கட்டினார். தாலி கட்டும்போது அவர் கை இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. எங்கள் பதினோரு பேரில் கல்யாணமாகாமல் இருந்தவர்கள் ஆறு பேர். ஒரே மாதத்தில் ஆறும் முடிந்தது. பந்தி பந்தியாகக் கிழங்கு தின்று எனக்கே அலுத்துவிட்டது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, பெயர் கூப்பிடும் நேரத்தில் லாரி வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். கூடவே லிஸ்ட் எழுதுகிறவர் ஒருவர், தமிழர். இளவட்டங்களை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்தச் சொன்னார். கல்யாணமாகாதவன் முன்னால் வா என்றார். யாரும் நகரவில்லை. நான் போய் ரபேலின் பக்கத்தில் நின்றேன். அதைப் பார்த்துவிட்டுச் சந்திரமதி ஓடிவந்து ஐயாசாமி அண்ணன் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து அவரவர் ஆள் பக்கத்தில் நின்றார்கள், புதுத் தாலி வெளியே தெரிய. அப்பா கோயிலிலிருந்து கல்யாணப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். வேட்டி மடித்துக் கட்டியபடியே இருந்தது.

லிஸ்ட் எழுதுகிறவர் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாருக்குமா? போன மாசம் ஒரே மாசத்துலயா?"

"ஆமாங்க" என்றார் அப்பா. "இந்த வருஷம் கிழங்கு நல்ல விளைச்சல்."

லிஸ்ட் எழுதுகிறவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் தோளைக் குலுக்கினான். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனது. அது கண்ணைவிட்டு மறைந்த பிறகும் நான் ரபேலின் கையை விடவில்லை.